கதிரும் கடலும்: கோலசிலாங்கூர்க் கரையின் ஒளி வரலாறு

கோலசிலாங்கூர் நகரை ஒட்டி எழுந்து நிற்கும் மெலாவாத்திக் குன்று பல ஆட்சிகளைக் கண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது சிலாங்கூர்ச் சுல்தான்களின் இருக்கையாக விளங்கிற்று. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநர் அல்டிங்கின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என வழங்கினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். 1907இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே நிற்கிறது. கீழே கண்டற்காடு, அதற்கப்பால், கடல் வற்றும் நேரத்தில், கண்ணெட்டும் தூரம்வரை பளபளக்கும் சேற்றுவெளி, அதற்கும் அப்பால் மலாக்கா நீரிணை. இந்தக் குன்றைப் பற்றி எழுதியவர்கள் பீரங்கிகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் எழுதினார்கள். அந்தச் சேற்றுவெளியின்மீது நாள்தோறும் விழும் வெயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

குன்றிலிருந்து உள்நாட்டை நோக்கினால் தோட்டங்கள். காப்பி, ரப்பர், செம்பனை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிர்கள் மாறிய மண் அது. ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1911இல் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் செம்பனை விதைகளை நட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், காப்பி பொய்த்த நிலத்தில், வணிக நோக்கோடு செம்பனை பயிரிடப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. அத்தோட்டத்தின் பெயரிலேயே ஒரு தமிழ்ச் சொல் வேர்விட்டு நிற்பதைத் தமிழ் மாணவர் கவனித்தல் வேண்டும். ஃபோக்கோனியே பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தையோ 2007 முதல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. தென்னமரம் மட்டும் தென்னமரமாகவே இருக்கிறது.

தோட்டத்துக்கும் கடலுக்கும் உறவு இல்லை என்று கருதுவது பிழை. லயன் வீடுகளில் உலை கொதித்த காலமெல்லாம் அதன் அருகில் நெத்திலியும் கருவாடும் கூனிப்பொடியும் இருந்தன. ஜெராம் கரையில் வலைவீசிப் பிடித்த கூனி இறால் பெலாச்சானாகி, தோட்டக் கடைகள்வரை வந்தது. பாசிர் பெனாம்பாங்கில் சீன மீனவர் பாய்களில் பரப்பி உலர்த்திய மீனை ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் இருந்த தமிழ்த் தொழிலாளர் உண்டனர். வெயில் மீனைக் கெடாமல் காக்கும் என்பதும், அதே வெயில் துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதும் அவர்களுக்குப் பள்ளி சொல்லித் தராத அறிவு. வெயில் ஒன்றே; காப்பதும் கெடுப்பதும் அதுவே. இந்த இரட்டைத் தன்மையின் காரணத்தை அறிவியல் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

1801ஆம் ஆண்டில் செருமனியின் யேனா நகரில் யோகான் ரிட்டர் என்னும் இளைஞர், வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை நிறமாலையில் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், தாள் விரைவாகக் கறுத்தது. ஊதாவுக்குப் புறத்தே உள்ள அந்தக் கதிரே புறஊதாக் கதிர். 1877இல் இங்கிலாந்தில் டௌன்சு, பிளண்ட் என்னும் இருவர், வெயிலில் வைத்த குழாய்களில் நுண்ணுயிர்கள் பெருகாமல் ஒடுங்குவதைக் கண்டறிந்தனர். மீன் உலர்த்தும் பாயில் நீர் வற்றுவதோடு இதுவும் நிகழ்கிறது. நுண்ணுயிரைக் கொல்லும் கதிர், கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை என் செய்யும் என்ற கேள்வி அதிலிருந்தே பிறந்திருக்கலாம். ஆனால் அது பிறக்க மேலும் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இடையில் மற்றொரு கண்டுபிடிப்பு நேர்ந்தது. கதிரவனிடமிருந்து புறப்படும் புறஊதாக் கதிர் முழுவதும் தரைக்கு வந்து சேர்வதில்லை. 1881இல் ஆர்ட்லி என்பவர் இதற்கு ஓசோன் வாயுவே காரணம் எனக் கருத்துரைத்தார். 1913இல் பிரான்சில் ஃபாப்ரியும் புய்சோனும் வானில் உள்ள ஓசோனின் அளவைக் கணித்தனர். தரைமட்டத்து அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் குடையின் தடிப்பு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான்! ஒரு தடித்த அட்டையின் அளவுக்கே உள்ள அந்த வாயு, 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய கொடிய கதிர்களை முற்றிலுமாகவும், 280 முதல் 315 வரையுள்ள புறஊதா-பி கதிர்களைப் பெருமளவும் தடுத்துவிடுகிறது. 315க்கு மேற்பட்ட புறஊதா-ஏ கதிர்கள் பெரும்பாலும் தடையின்றி இறங்குகின்றன.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்து அறிஞர் டாப்சன், ஓசோனை அளக்கத் தாம் அமைத்த கருவிகளை 1928ஐ ஒட்டி உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். கலிபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து ஆகியவற்றோடு பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல் வான்காணகத்துக்கும் ஒரு கருவி வந்தது. குளிர்நாடுகளில் ஓசோன் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. கொடைக்கானலிலோ அது ஆண்டு முழுவதும் குறைந்த அளவிலேயே ஏறக்குறைய மாறாமல் நின்றது. வெப்பமண்டலத்தின் வானக்குடை இயல்பாகவே மெல்லியது என்பது அவ்வாறு வெளிப்பட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சி. வி. இராமனோடு பணியாற்றிய கே. ஆர். இராமநாதன் இத்துறையில் உலகப் புகழ் பெற்றார். 1960 முதல் 1967 வரை பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராக இருந்தவர் அவர். தமிழ்ப் பாடநூல்களில் அவர் பெயர் அரிதாகவே தென்படுகிறது.

கொடைக்கானலின் முடிவு கோலசிலாங்கூருக்கும் பொருந்தும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையைச் சற்றே கடந்து அமைந்த ஊர் அது. மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். மற்ற நாள்களிலும் அதிகம் சாய்வதில்லை. மேலே மெல்லிய குடை, நேர்செங்குத்தான வெயில்: தெளிந்த வானத்து நண்பகலில் இங்கே புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இயல்பு. மிகக் கடுமையானது என வகுக்கப்பட்ட எல்லை அது. எனில், இக்கரையின் நெத்திலியும் கூனியும் மட்டியும் இத்தனை நூற்றாண்டுகள் எவ்வாறு செழித்தன?

அதற்கு விடை காணுமுன், கதிர் உயிருக்குச் செய்யும் ஊறு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். புறஊதா-பி கதிர் உயிரணுவின் உள்ளே புகுந்து மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. அவ்விழையில் அருகருகே உள்ள இரு கண்ணிகள் தம்முள் பிணைந்து முடிச்சாகிவிடுகின்றன. முடிச்சு விழுந்த இடத்தில் செய்தியைப் படிக்க இயலாது. உயிரணு பிரிந்து பெருகுவது தடைப்படும். ஓரணு உயிரான மிதவைத் தாவரத்துக்கு அந்த ஓரணுவே உடல் முழுவதும். தோலும் செதிலும் இல்லாத அதனுள் கதிர் எளிதில் ஊடுருவுகிறது. ஒளிச்சேர்க்கை குன்றுகிறது. மிதவைத் தாவரத்தை உண்டு கூனி வாழ்கிறது. கூனியை உண்டு மீன் வாழ்கிறது. ஆகையால் அடிக்கல் ஆடினால் மாடமும் ஆடும்.

மீன்குஞ்சுகளும் தப்புவதில்லை. 1979இல் கலிபோர்னியாவின் கடல்மீன் ஆய்வாளர்கள், நெத்திலிக்கு நெருங்கிய உறவான வடபசிபிக் மீனினம் ஒன்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் புறஊதா-பி விளக்கொளியில் வைத்து ஆராய்ந்தனர். கதிர்பட்ட குஞ்சுகளின் கண்ணிலும் மூளையிலும் புண்கள் தோன்றின, வளர்ச்சி குன்றியது. கண்ணாடிபோல் உடல் தெரியும் அச்சிறு குஞ்சுகள் மேற்பரப்பை ஒட்டியே மிதப்பவை என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

ஆயினும் உயிர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1949இல் ஆல்பர்ட் கெல்னர் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். புறஊதாக் கதிரால் செத்தன எனக் கருதிய நுண்ணுயிர்கள், கண்ணுக்குப் புலனாகும் ஒளி பட்டதும் மீண்டும் தழைத்தன. உயிரணுவில் உள்ள ஒரு நொதி நீலஒளியின் ஆற்றலைக் கொண்டு அந்த முடிச்சுகளை அவிழ்த்துவிடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. காயம் செய்யும் வெயிலிலேயே மருந்தும் கலந்திருக்கிறது! 1969இல் சப்பானிய அறிஞர் சிபாட்டா, ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் பவளத்திலும் நீலப்பச்சைப் பாசியிலும் புறஊதாவை உறிஞ்சும் ஒரு பொருளைக் கண்டறிந்தார். பாசியும் பவளமும் தமக்குத் தாமே பூசிக்கொள்ளும் வெயிற்பூச்சு என்று அதனைச் சொல்லலாம். விலங்கு மிதவைகளில் பல, பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலேறுகின்றன. பகைவர் கண்ணுக்குத் தப்புவதற்காக மட்டுமன்றி வெயிலுக்குத் தப்பவும் அப்பயணம் உதவுகிறது.

கோலசிலாங்கூர்ச் சேற்றுவெளியில் இத்தகைய பயணம் விரலளவு மண்ணுக்குள்ளேயே நடக்கிறது. நீர் வற்றியபின் சேற்றின்மேல் பொன்பழுப்பான மெல்லிய படலம் ஒன்று தோன்றும். அது அழுக்கன்று, கோடானுகோடி நுண்பாசிகளின் கூட்டம். இத்தகைய சேற்றுப் பாசிகள் ஒளி தேடி மேலே வருகின்றன. வெயில் எல்லை மீறும்போது சேற்றுக்குள் புகுந்துகொள்கின்றன. ‘கெராங்’ என மலாய்க்காரரும் அவர்வழித் தமிழரும் அழைக்கும் இரத்தமட்டிக்கோ ஓடும் சேறும் ஆகிய இரட்டைக் காப்பு உண்டு. ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதந்து திரியும் அதன் இளம்பருவத்துக்கு அக்காப்பு எதுவும் இல்லை.

இங்கேதான் இக்கரையின் தனிச்சிறப்பு நிற்கிறது. இளம் உயிர்களுக்கு நீரே குடையாயிற்று. 1930களில் குர்ட் கல்லே என்னும் செருமானிய அறிஞர், கரையோரக் கடல்நீரில் கரைந்திருக்கும் ஒருவகை மஞ்சட்பொருளை ஆராய்ந்தார். இலையும் தழையும் மட்கி ஊறிய சாறு அது. நிறமாலையின் சிவப்புக் கோடியிலிருந்து ஊதாக் கோடிக்குச் செல்லச் செல்ல அப்பொருள் ஒளியை மேலும் மேலும் விழுங்குகிறது. புறஊதாவை மிக அதிகமாக விழுங்குகிறது. 1950இல் சுவீடன் நாட்டு யெர்லோவ், கடலில் புறஊதாக் கதிர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பற்றி எழுதினார். தெளிந்த பெருங்கடலில் புறஊதா-பி பல மீட்டர் ஆழம் இறங்கும். பழுப்பேறிய கழிமுக நீரிலோ முதல் மீட்டருக்குள்ளேயே அதன் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பழுப்பு நீருக்குக் கோலசிலாங்கூரிலும் சபாக் பெர்ணத்திலும் குறைவே இல்லை. வடசிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய காட்டு ஒதுக்கங்களில் 70,000 எக்டேருக்கு மேல் மட்கு நிலச் சதுப்புக்காடு பரந்துள்ளது. மலாய்மொழியில் அந்த மண் ‘காம்புட்’ எனப்படும். விழுந்த மரமும் இலையும் நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முற்றும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்த மண் அது. அதிலிருந்து கசியும் நீர் பால் கலவாத தேநீரின் நிறமுடையது. தெங்கி ஆறு அந்நீரைச் சுமந்து தஞ்சோங் காராங்கில் கடலோடு சேர்க்கிறது. புதிதாய் வருபவர் அதனை அழுக்கு நீர் என்று முகம் சுளிப்பர். ஆசிரியர் ஒருவர் அந்நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி, வகுப்பின் சன்னலோரம் வைத்து, அதன் நிழல் வெள்ளைத்தாளில் என்ன நிறம் காட்டுகிறது என்று மாணவரைக் கேட்டால், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கண்டற்காடும் தன் பங்குக்குச் சாறு இறக்குகிறது. ‘பாக்காவ்’ என்னும் சுரபுன்னை மரத்தின் பட்டையில் துவர்ப்பொருள் மிகுதி. முற்காலத்தில் மீனவர் அப்பட்டையைக் கொதிக்கவைத்து வலைகளுக்குச் சாயமேற்றினர். வலை உளுக்காமல் நெடுநாள் உழைக்கும். அத்துவர்ப்பொருளும் அதன் உறவுப் பொருள்களும் மரத்தின் இலையில் புறஊதாவைத் தடுக்கும் திரையாக உள்ளன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் ஆய்வாளர்கள் சுரபுன்னை நாற்றுகளின்மீது புறஊதா-பி ஒளியைப் பாய்ச்சி ஆராய்ந்து, 1997இல் முடிவை வெளியிட்டனர். சிறிதளவு கூடுதல் ஒளி ஒளிச்சேர்க்கையைத் தூண்டியது. பேரளவு ஒளி அதனைக் கடுமையாகக் குறைத்தது. பிச்சாவரத்துக் கழிமுகத்துக்கு அருகே நடந்த அந்த ஆய்வு, கோலசிலாங்கூர்க் கழிமுகத்து மரத்துக்கும் உரியதே. இரண்டு கரையிலும் நிற்பது ஒரே இனம்.

ஆக, இக்கரையின் கடலுயிர்க்கு இரு குடைகள். ஒன்று வானில் ஓசோனாகவும் மற்றொன்று நீரில் பழுப்பாகவும் அமைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மனிதன் இரண்டிலும் கைவைத்தான்.

வானக்குடையின் கதை உலகறிந்தது. 1928இல் தாமசு மிட்ஜ்லி என்பவர் குளிர்ப்பெட்டிக்கென ஆக்கிய குளோரோஃப்ளோரோகார்பன் வாயு, நஞ்சற்றது, தீப்பற்றாதது என்று போற்றப்பட்டது. 1974இல் மொலினாவும் ரோலண்டும் அவ்வாயு மேல்வானில் சிதைந்து ஓசோனை அழிக்கும் என எழுதினர். மறு ஆண்டில் இன்னொரு குரல் எழுந்தது. அது மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதனின் குரல். பட்டம் பெற்றபின் செகந்தராபாத்தில் குளிர்ப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்த வேலையே அந்த வாயு கசியாமல் தடுக்கும் வழியைக் காண்பது. அமெரிக்கா சென்றபின், 1975இல், அவ்வாயு பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் பல்லாயிரம் மடங்கு விஞ்சும் எனக் கணித்து வெளியிட்டார். தொழிற்சாலையில் குழாயடியில் தேடிய கசிவை அவர் வானத்தில் கண்டார் எனலாம்.

1985ஆம் ஆண்டு மே மாதத்தில் ஃபார்மன், கார்டினர், சாங்ளின் என்னும் மூன்று பிரித்தானியர், தென்துருவத்து ஆலி விரிகுடா நிலையத்தின் அளவீடுகளை வெளியிட்டனர். இளவேனிற்காலத்தில் அங்கே ஓசோன் பெருமளவு மறைந்திருந்தது. அக்குடை கிழிந்த இடத்தின் கீழுள்ள கடலில் என்ன நேர்கிறது என்பதை 1990இல் அமெரிக்க ஆய்வுக்குழு நேரில் சென்று அளந்தது. பனி உருகும் விளிம்புப் பகுதியில் மிதவைத் தாவரங்களின் உற்பத்தி 6 முதல் 12 விழுக்காடு வரை குறைந்திருந்ததென 1992இல் அறிவித்தது. கடலுயிரைப் பற்றிய அச்சம் அதுவரை ஆய்வுக்கூடத்து விளக்கொளியில் பிறந்ததாக இருந்தது. அன்று அது கடலிலேயே அளக்கப்பட்ட உண்மையாயிற்று.

மலேசியா இதனைத் தொலைவிலிருந்து வேடிக்கை பார்த்த நாடன்று. 1982இலேயே பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுப்பேரவையில், தென்துருவம் சில நாடுகளின் தனிச்சொத்தன்று என்று வாதிட்டார். 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மொன்றியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989 ஆகத்து 29இல் அதில் இணைந்தது. வளரும் நாடுகளுக்கு உதவும் நிதி 1990இல் இலண்டன் மாநாட்டில் முடிவாயிற்று. அந்நாடுகள் குளோரோஃப்ளோரோகார்பனைக் கைவிட 2010ஆம் ஆண்டு எல்லையாக வகுக்கப்பட்டது. இதில் ஒரு நேர்மைக் கேள்வி இருந்தது. குளிர்ப்பெட்டியும் மணத்தெளிப்பானும் தோட்டத்து லயன் வீடுகளுக்கு மிகப் பிந்தியே வந்தன. குடையைக் கிழித்தவர்களுள் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்கள் கடைசியில்கூட இல்லை. ஏழை நாடுகள் அந்நிதியைக் கேட்டது பிச்சையன்று, உரிமையே.

மலாயாப் பல்கலைக்கழகத்துப் பாசியியல் அறிஞர்கள் தென்துருவத்திலிருந்து கொணர்ந்த நுண்பாசிகளையும் வெப்பமண்டல, மிதவெப்பமண்டலப் பாசிகளையும் ஒருங்கே வைத்துப் புறஊதா ஒளியில் சோதித்து, 2007இல் வெளியிட்டனர். தாங்கும் திறன் இனத்துக்கு இனம் வேறுபட்டது. தென்துருவ உடன்படிக்கையில் மலேசியா 2011இல் சேர்ந்தது. ஐ.நா. அமைப்புகளின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இன்றைய கட்டுப்பாடுகள் நீடித்தால் தென்துருவத்தின்மேல் உள்ள ஓசோன் 2066ஐ ஒட்டி 1980இன் நிலையை எட்டும். நாடுகள் ஒன்றுகூடி ஒரு பொருளைக் கைவிட்டதால் வானம் தேறி வருவது வரலாற்றில் புதிது.

நீர்க்குடையின் கதை அவ்வளவு எளிதன்று. அதற்கு ஓர் உடன்படிக்கையும் இல்லை. அதைப் பற்றிய பேச்சும் குறைவு.

கரையோரத்தில் விளைநிலத்தை உப்புநீரிலிருந்து காக்கக் கரையணைகள் எழுந்தன. அணைக்கு உட்புறம் வற்று வெள்ளம் புகாத கண்டற்காடு மெல்ல மெல்ல வேறு காடாக மாறியதை, 1987இல் மலாயா இயற்கைக் கழகத்தின் முயற்சியோடு அமைந்த கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் நடந்து செல்வோர் இன்றும் காணலாம். ஒருபுறம் கடல் தொடும் கண்டல். மறுபுறம் கடலை மறந்த மரங்கள். 1930களில் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குப் பெர்ணம் ஆற்றுநீரைக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. அந்தச் சதுப்புக்காடு வயல்களுக்கு நீர்த்தொட்டியாகவும் பயன்பட்டது. செகிஞ்சான் அரிசியை உண்பவர் அக்காட்டுக்கும் கடன்பட்டவரே. வெட்டுமரம் இழுக்கத் தோண்டிய கால்வாய்களும், செம்பனைக்காக வெட்டிய வடிகால்களும் காம்புட் நிலத்தின் நீரை வடித்தன. காய்ந்த காம்புட் எளிதில் தீப்பற்றும்; பற்றினால் நிலத்துக்கடியிலும் புகையும்.

நீர் வடிந்தால் பழுப்பும் போய்விடும் என்று எண்ணக்கூடும். நேர்ந்தது அதுவன்று. கலிமந்தானில் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காடழிந்து வடிக்கப்பட்ட மட்கு நிலத்திலிருந்து ஆறுகளுக்குச் செல்லும் கரைந்த கரிமம் காட்டுநிலத்தைவிட ஏறத்தாழ பாதியளவு கூடுதல் எனக் காட்டிற்று. பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பு தண்ணீரோடு ஓடுகிறது. குடை முதலில் கறுக்கிறது. சேமிப்பு தீர்ந்தபின் வெளுக்கும். கறுக்கும்போதும் நன்மையில்லை. புறஊதாவை மட்டுமன்றி, பாசிக்கு உணவாகும் நீலஒளியையும் அது மறைத்துவிடுகிறது. சுமத்திராவின் மட்கு நிலத்து நீர் பருவக்காற்றோடு சிங்கப்பூர் நீரிணையை அடைந்து, அங்குள்ள பவளங்களுக்கு எட்டும் ஒளியைக் குறைப்பதை அண்மைக்கால ஆய்வுகள் அளந்துள்ளன. அப்பழுப்புப் பொருள் கடலில் வெயில் பட்டே சிதைகிறது. எதனைத் தடுத்ததோ அந்தக் கதிராலேயே அது வெளுத்துக் கரியமில வாயுவாகிறது.

செம்பனை ஆலைகளின் கழிவுநீரையும் பழுப்பு நீர் என்று இதனோடு சேர்த்து எண்ணுவது தவறு. நிறம் ஒன்றாயினும் குணம் வேறு. காம்புட் நீர் மெல்லச் சிதைவது. ஆலைக்கழிவோ ஆற்றின் உயிர்வளியை விரைந்து உறிஞ்சி மீனை மூச்சடைக்கச் செய்வது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் பிறந்தன. கழிவின் உயிர்வளித் தேவையை இலிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக 1984க்குள் 100 ஆகக் குறைக்கும்படி அவை விதித்தன. ஆலைகளுக்கருகே வரிசையாய்த் தேங்கும் குளங்கள் அவ்விதியின் விளைவே. எங்கே குலை இருந்ததோ அங்கே குளமும் வந்தது.

இரத்தமட்டி வளர்ப்பு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் செழித்து, பிறகு பத்தாண்டுக்குள் மேற்குக்கரை முழுவதும் பெருஞ்சரிவு கண்டது. இதற்கு வெயிலைக் குறைகூறுவோர் உளர். அது பொருந்தாது. வெப்பமண்டலத்தில் ஓசோன் மாற்றம் மிகச் சிறிது. சரிவோ மிகப் பெரிது. நிலத்திலிருந்து வரும் மாசு, மண்படிவு, விதைமட்டிகளை அளவின்றி அள்ளியது ஆகியவையே முதலில் விசாரிக்கப்பட வேண்டியவை. கதிரின் பங்கு உண்டெனில், அது ஏற்கெனவே நலிந்த உயிரின்மீது கூடுதல் சுமையாக விழுவதே. கண்ணுக்குத் தெரியாத கதிரின்மேல் பழிபோட்டால் கண்முன் ஓடும் வடிகாலை எவரும் கேள்வி கேட்கமாட்டார்.

அந்த வடிகால்களை அடைக்கும் வேலையும் இப்பகுதியில் நடந்துள்ளது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பும், சுற்றுவட்டார மக்களைச் சேர்த்துக்கொண்டு, ராஜா மூசாவில் பழைய கால்வாய்களின் குறுக்கே தடுப்புகளைக் கட்டின. எரிந்து பாழான இடங்களில் சதுப்புக்காட்டு மரக்கன்றுகளை நட்டன. தடுப்பின் மேற்புறம் நீர் தேங்கி, தரையோடு தரையாக ஏறி நிற்கும். காம்புட் மறுபடியும் நனையும். அங்கிருந்து கசியும் நீர் தேநீர் நிறத்தோடு தெங்கி ஆற்றில் இறங்கி, தஞ்சோங் காராங்கின் மீன்பிடிப் படகுகளுக்கிடையே நழுவி, நீரிணையின் பச்சை நீரைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழித்தாற்போல் நிற்கும். வற்று நேரத்தில் அக்கோடு கடலுக்குள் தள்ளிப்போகிறது. பொங்கு நேரத்தில் ஆற்றுவாய்க்குள் ஏறிவருகிறது.